சட்டப் படிப்புச் சேர்க்கைக் கணக்கு: பெற்றோர் கற்க வேண்டிய பாடம்



நம்மவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். அரிசி மூட்டை ஒன்றைக் கொள்முதல் செய்வதென்றாலும் எடை என்ன, கழிவு என்ன, லாரிக் கூலி என்ன, முடிவில் கிலோவுக்கு அடக்கம் என்ன என்று பாராமல் நாம் பணப்பெட்டியைத் திறப்பதில்லை. ஆனால் பெற்ற பிள்ளையின் மேற்படிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்குப் புத்தி எங்கோ போய்விடுகிறது. டீக்கடையில் ஒருவர் சொன்னதையும், கல்யாண வீட்டில் இன்னொருவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு முடிவு செய்துவிடுகிறோம்.

சட்டப் படிப்பைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "அரசாங்கச் சர்வகலாசாலையில் சட்டத்துக்கு இடமா? அது நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது" என்பது ஒன்று. "பணத்தைக் கட்டினால் தனியார் கல்லூரியில் எடுத்துக்கொள்வார்கள், மூன்று வருஷத்தில் பையன் லாயர்" என்பது மற்றொன்று. முதற் பேச்சை நம்பித் தகுதியுள்ள பிள்ளை விண்ணப்பமே போடாமல் நின்றுவிடுகிறது. இரண்டாவதை நம்பி நகையை விற்றுப் பணம் கட்டிய குடும்பம், படிப்பு முடிந்த பிறகுதான் இன்னும் ஒரு பெரும் பரீட்சை இருக்கிறதென்று அறிகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சேர்க்கைப் புள்ளி விவரங்களை நாம் படிக்கத் தெரிந்துகொள்ளவில்லை. அதற்கான பாடத்தை இங்கே எளிய முறையில் தர முனைகிறோம்.

எங்கெங்கே சட்டம் படிக்கலாம்?

நமது பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ் டவுன் போகும் வழியில் கெலுகோரில் யூ.எஸ்.எம். சர்வகலாசாலை இருக்கிறது. ஆனால் அங்கே சட்டப் பகுதி கிடையாது. ஆகவே பினாங்குப் பிள்ளை அரசாங்கச் சர்வகலாசாலையில் சட்டம் படிக்க வேண்டுமானால் தீவை விட்டுப் போகத்தான் வேண்டும். அருகில் உள்ளது கெடா மாநிலம் சிந்தோக்கிலுள்ள யூ.யூ.எம். கோலாலம்பூரில் மலாயா சர்வகலாசாலை. அங்கே சட்டப் பகுதி 1972-இல் தொடங்கியது. பாங்கியில் யூ.கே.எம்., கோம்பாக்கில் சர்வதேச இஸ்லாமியச் சர்வகலாசாலை, திரங்கானுவில் யூனிஸா ஆகியவையும் உண்டு. ஷா ஆலமிலுள்ள யூ.ஐ.டி.எம்.மில் பழைமையான சட்டப் பகுதி ஒன்று இருக்கிறது. ஆனால் அது பூமிபுத்ராக்களுக்கே உரியது. விண்ணப்பத்தில் இனம் கேட்கும் இடத்தில் பிள்ளையின் பிறப்புச் சான்றில் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான தாள்களால் பின்னால் தொல்லை வரும்.

முதற் பாடம்: நான்கு எண்கள்

சேர்க்கைக் கணக்கில் நான்கு எண்கள் உண்டு. எத்தனை இடம்? எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? எத்தனை பேருக்கு அழைப்புக் கொடுத்தார்கள்? எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள்? இந்த நான்கையும் ஒன்றோடொன்று குழப்பிக் கொள்வதே பெரும்பாலான வதந்திகளுக்கு மூலம்.

"ஓர் இடத்துக்கு ஐந்து பேர் போட்டி" என்று ஒருவர் சொன்னால் நெஞ்சு திடுக்கிடுகிறது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நூறு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்து கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிக்கு இருபது இடம். நூறு பேரும் ஐந்து கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் "எங்களுக்கு நூறு விண்ணப்பம் வந்தது, இடமோ இருபது, ஓர் இடத்துக்கு ஐந்து பேர்" என்றே சொல்லும். அது பொய்யல்ல. ஆயினும் மொத்த இடம் நூறு, பிள்ளைகளும் நூறு. எல்லாருக்குமே இடம் இருக்கிறது! நம் நாட்டில் அரசாங்கச் சர்வகலாசாலைகளுக்கு யூ.பி.யூ. என்னும் பொது அமைப்பு வழியாகவே விண்ணப்பம் போகிறது. ஒரே பிள்ளை பல படிப்புகளை வரிசைப்படுத்திக் கேட்கலாம். அந்த ஒரு பிள்ளை பல படிப்புகளின் கணக்கிலும் ஏறிவிடும். ஆகவே விண்ணப்ப எண்ணிக்கையை மட்டும் கேட்டுப் பயப்படுதல் கூடாது.

அழைப்பும் சேர்க்கையும் ஒன்றல்ல. அழைப்புக் கிடைத்தவர்களில் சிலர் வேறு படிப்புக்கோ வேறு நாட்டுக்கோ போய்விடுவார்கள். முதலில் இடம் கிடைக்காதவர்களுக்கு மேல்முறையீடு செய்யும் வழியும் யூ.பி.யூ.வில் இருக்கிறது. "கிடைக்கவில்லை" என்ற செய்தி வந்தவுடன் படுத்துவிடாமல், குறித்த நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும்.

இரண்டாம் பாடம்: தகுதி வேறு, இடம் கிடைக்கும் மதிப்பெண் வேறு

எஸ்.டி.பி.எம். எழுதிய பிள்ளைக்குப் பட்டப் படிப்பின் பொதுவான குறைந்தபட்சத் தகுதி சராசரிப் புள்ளி 2.00. இதைப் பார்த்துவிட்டு "எங்கள் பையனுக்கு 2.80 இருக்கிறதே, சட்டம் ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. சகோதரர்களே, 2.00 என்பது வாசற்படி. வாசலில் நிற்க அனுமதி உண்டு என்பதே அதன் பொருள். சட்டம் போன்ற படிப்புகளுக்கு அதற்கு மேல் தனி நிபந்தனைகள் இருக்கின்றன. மூவெட் என்னும் ஆங்கிலப் பரீட்சையில் இத்தனையாம் பாண்டு வேண்டும் என்று கேட்பார்கள். சில படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. அந்த நிபந்தனைகளையெல்லாம் நிறைவேற்றியவர்கள் இடங்களைவிட அதிகமாக இருக்கும்போது, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி எடுக்கிறார்கள். அந்த வரிசையின் கடைசி மதிப்பெண்தான் உண்மையான எல்லை. அது வருஷத்துக்கு வருஷம் மாறும். எந்தச் சட்டத்திலும் எழுதி வைத்ததல்ல. வந்தவர்களின் தரத்தைப் பொறுத்தது. சந்தையில் மீன் விலை போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாம் பாடம்: மெரிட் கணக்கு

2002-ஆம் ஆண்டு முதல் அரசாங்கச் சர்வகலாசாலைச் சேர்க்கையில் இனவாரிப் பங்கீடு நீக்கப்பட்டு மெரிட் முறை வந்தது. (மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் 90-க்கு 10 என்னும் பங்கீடு தொடர்ந்தது. எஸ்.பி.எம்.மில் பத்து 'ஏ'யும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது.) மெரிட் என்பது நூறு புள்ளி. அதில் 90 புள்ளி பரீட்சைக்கு. 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைகளுக்கு. கணக்குப் போடும் விதம் வருமாறு: பிள்ளையின் சராசரிப் புள்ளியை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்க வேண்டும். அதோடு புறப்பாடப் புள்ளியைக் கூட்ட வேண்டும். அவ்வளவே.

உதாரணமாக, ஒரு பையன் பரீட்சையில் 4.00 எடுத்துவிட்டான். 90 புள்ளி முழுமையாகக் கிடைத்தது. ஆனால் அவன் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவான். சங்கம் இல்லை, சாரணர் இல்லை, விளையாட்டு இல்லை. புறப்பாடத்தில் 4 புள்ளிதான். மொத்தம் 94.

இன்னொரு பையன் 3.92 எடுத்தான். அது 88.2 புள்ளி. அவன் பேச்சுப் போட்டிக்குப் போனான், பள்ளிச் சங்கத்தில் செயலாளராக இருந்தான். புறப்பாடத்தில் 8.5 புள்ளி. மொத்தம் 96.7.

எல்லாப் பாடத்திலும் முதன்மையாக நின்ற பையன் பின்னால் போனான். சற்றே குறைந்தவன் முன்னால் வந்தான். இந்த வேறுபாட்டை உண்டாக்கியது யார்? பையனைப் பிற்பகல்தோறும் கல்லாவில் உட்கார வைத்த தகப்பனார் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் ஒத்தாசை செய்வது நல்ல பழக்கம். வியாபாரம் பழகுவதும் ஒரு கல்வியே. ஆனால் வாரத்தில் இரண்டு பிற்பகலையாவது பிள்ளைக்கு விட்டுக் கொடுங்கள். இரண்டு மணி நேர ஆள் கூலியை மிச்சம் பிடிப்பதற்காக ஆறு மெரிட் புள்ளியை இழப்பது எந்த வியாபாரியும் செய்யக் கூடிய காரியமல்ல.

மெட்ரிகுலேஷன் முடித்த பிள்ளையும் எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளையும் இதே நூறு புள்ளித் தராசில்தான் நிறுக்கப்படுகிறார்கள். வெவ்வேறு பரீட்சைகளை ஒரே படிக்கல்லால் நிறுப்பது சரிதானா என்ற விவாதம் நெடுநாளாக நடந்து வருகிறது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், இன்றைக்குப் பிள்ளை எந்தத் தராசில் ஏறுகிறது என்பதை அறிந்து வைத்திருத்தல் அவசியம்.

நான்காம் பாடம்: சராசரி என்னும் மயக்கம்

யூ.பி.யூ. வழிகாட்டியில் படிப்புகளுக்கு நேராகச் சராசரி மெரிட் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நம்மிடம் விசாரிக்க வருகிறவர்களில் பலர் அதைக் "கடைசி மதிப்பெண்" என்றே நினைத்துக் கொள்கிறார்கள். அது தவறு. ஐந்து பேர் எடுக்கப்பட்டார்கள் என்று வைத்துக் கொள்வோம். அவர்களின் மெரிட் 99, 97, 95, 92, 87. கூட்டினால் 470. ஐந்தால் வகுத்தால் சராசரி 94. ஆனால் கடைசியாக எடுக்கப்பட்ட பிள்ளைக்கு 87தான். வீட்டில் 90 வைத்திருக்கும் பிள்ளை 94-ஐப் பார்த்து மனமுடைந்து விண்ணப்பம் போடாமல் விட்டால், தனக்கு வர வேண்டிய இடத்தைத் தானே விட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இன்னோர் ஐந்து பேருக்கு 95, 95, 94, 93, 93. அதையும் கூட்டினால் 470. சராசரி அதே 94. அங்கே கடைசி மதிப்பெண் 93. நம் 90 அங்கே எடுபடாது. ஆகவே சராசரி ஒன்றை மட்டும் வைத்து "கிடைக்கும்" என்றும் சொல்ல முடியாது, "கிடைக்காது" என்றும் சொல்ல முடியாது. செய்யக் கூடியது இதுதான்: சராசரிக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் விருப்பமான படிப்பை முதலில் எழுது, நம் மெரிட்டுக்கு ஒத்ததை அடுத்து எழுது, உறுதியாகக் கிடைக்கக் கூடியதைப் பின்னால் எழுது. மூன்று நிலையிலும் பெயர் இருந்தால் கை வெறுமையாகத் திரும்பாது.

சிங்கப்பூர் தேசியச் சர்வகலாசாலை இதைவிடத் தெளிவான முறையில் கணக்கு வெளியிடுகிறது. எடுக்கப்பட்டவர்களைக் கீழிருந்து மேலாக நூறு பேராக நிறுத்தினால் பத்தாவது ஆள் எடுத்தது என்ன, தொண்ணூறாவது ஆள் எடுத்தது என்ன என்று இரண்டையும் காட்டுகிறது. சட்டப் படிப்பில் பல ஆண்டுகளாக இந்த இரண்டு இடத்திலும் ஒரே விடைதான்: ஏ லெவல் பரீட்சையில் பாடந்தோறும் 'ஏ'. கீழே நிற்பவனும் 'ஏ', மேலே நிற்பவனும் 'ஏ' என்றால் பரீட்சை மதிப்பெண் அவர்களைப் பிரித்துக் காட்டவில்லை என்று பொருள். அதனால்தான் அங்கே தனியாக ஓர் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டிலும் அப்படியே. சட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே இடம். எல்நாட் என்னும் தனித் தேர்வும் எழுத வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது. வாசித்ததைப் புரிந்து, காரணம் காட்டி எழுதத் தெரிய வேண்டும்.

ஐந்தாம் பாடம்: சிறிய எண்களைக் கண்டு ஏமாறாதீர்

நம் தாய்நாட்டு உறவினர்கள் பலர் தமிழ்நாட்டுச் செய்திகளையும் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு வார்த்தை. சென்னையிலுள்ள டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக் கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் ஐந்தாண்டு ஹானர்ஸ் சட்டப் படிப்பு நடக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். வகுப்புவாரியாகக் கட் ஆஃப் மதிப்பெண்ணை வெளியிடுகிறார்கள். தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டில் நூற்றுக்கு 31 பொதுப் போட்டி, பிற்பட்டோருக்கு 26.5, பிற்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்பட்டோருக்கு 20, தாழ்த்தப்பட்டோருக்கு 18, பழங்குடியினருக்கு 1. முஸ்லிம்களுக்கான இந்தத் தனிப் பங்கு 2007-இல் வந்தது.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்கத் தக்கது. ஒன்று, 3.5 என்பது மேல் வரம்பன்று. உயர்ந்த மதிப்பெண் எடுத்த முஸ்லிம் பிள்ளை பொதுப் போட்டியின் 31-இல் போய் உட்காரலாம். அப்போது தனிப் பங்கு குறையாமல் மற்றொரு பிள்ளைக்குப் போகும். இரண்டு, அறுபது இடமுள்ள வகுப்பில் 3.5 சதவீதம் என்பது இரண்டு இடந்தான். இரண்டு பேரை வைத்துக் கொண்டு "இந்த வருஷம் முஸ்லிம்களின் கட் ஆஃப் ஏறிவிட்டது, போன வருஷம் இறங்கியிருந்தது" என்று பேசுவதில் பொருளில்லை. ஒரே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை வந்து சேர்ந்தால் எண் ஏறும். அந்தப் பிள்ளை மருத்துவத்துக்குப் போய்விட்டால் இறங்கும். தினம் இரண்டு வாடிக்கைக்காரர் வரும் கடையில் ஒருவர் வராவிட்டால் "வியாபாரம் பாதி படுத்துவிட்டது" என்று சொல்வது போலத்தான். சிறிய எண்களைப் பல வருஷங்களுக்குச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆறாம் பாடம்: உள்ளே போவது பாதி, வெளியே வருவது பாதி

இதுவே பாடங்களில் முக்கியமானது. பட்டம் பெற்றவரெல்லாம் வழக்கறிஞர் அல்லர். 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம், யார் தகுதி பெற்றவர் என்று 3-ஆம் பிரிவில் சொல்லுகிறது. மலாயா சர்வகலாசாலைச் சட்டப் பட்டம், சிங்கப்பூர் தேசியச் சர்வகலாசாலைச் சட்டப் பட்டம், இங்கிலாந்தின் பாரிஸ்டர் தகுதி ஆகியவை அதில் இருக்கின்றன. யூ.கே.எம்., இஸ்லாமியச் சர்வகலாசாலை, யூ.யூ.எம். முதலியவற்றின் பட்டங்களும் அங்கீகாரம் பெற்றவை. இவர்கள் சி.எல்.பி. பரீட்சை எழுத வேண்டியதில்லை. தனியார் கல்லூரியில் படித்து இங்கிலாந்துப் பட்டம் பெறுகிறவர்கள், பாரிஸ்டராக ஆகாவிட்டால், 1984-இல் தொடங்கிய சி.எல்.பி. பரீட்சையில் தேற வேண்டும். பொதுத் தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை என்று ஐந்து தாள். அது எளிதான பரீட்சையல்ல. அதன் பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒன்பது மாதம் ஒரு வழக்கறிஞரிடம் சேம்பரிங் பயிற்சி உண்டு.

ஆகவே, "எங்களிடம் நூற்றுக்கு நூறு பேருக்கும் இடம் உண்டு" என்று ஒரு கல்லூரி விளம்பரம் செய்தால் மகிழ வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்? பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் முதல் தடவையிலேயே சி.எல்.பி. தேறினார்கள்? எத்தனை பேர் இன்று கோர்ட்டில் நிற்கிறார்கள்?" மூட்டை எத்தனை வாங்கினோம் என்பது மட்டுமா கணக்கு? விற்று முதல் திரும்பியது எத்தனை என்பதல்லவா கணக்கு? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். வெளிநாட்டுப் பட்டம் எதுவாயினும், அது இங்கே ஏற்கப்படுமா என்பதை வழக்கறிஞர் தகுதி வாரியத்திடமே எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல் ரசீது ஆகாது.

சட்டமும் ஷரீஅத்தும்

சட்டத்தோடு ஷரீஅத்தையும் சேர்த்துப் படிக்கும் தனிப் படிப்புகள் உண்டு என்பதை நம் பெற்றோர் அறிய வேண்டும். சர்வதேச இஸ்லாமியச் சர்வகலாசாலை 1983-இல் 153 மாணவர்களோடு தொடங்கியபோதே சட்டப் பகுதி அதில் இருந்தது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் அஹ்மது இப்ராஹீம் அவர்கள். 1916-இல் சிங்கப்பூரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, சுதந்திர சிங்கப்பூரின் முதல் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். பின்னர் மலாயா சர்வகலாசாலையிலும் சட்டப் பகுதிக்குத் தலைமை வகித்தார். 1999-இல் காலமாகும் வரை சட்டம் கற்பிக்கும் பணியிலேயே இருந்தார். இன்று அந்தச் சட்டப் பகுதி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே நான்கு வருஷச் சட்டப் பட்டத்துக்குப் பிறகு மேலும் படித்து ஷரீஅத் சட்டத்திலும் பட்டம் பெறும் வழி ஏற்படுத்தப்பட்டது.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை. ஷரீஅத் கோர்ட்டில் நிற்கும் அனுமதி மாநிலந்தோறும் தனியாகப் பெற வேண்டியது. உயர் நீதிமன்றத்தில் நிற்கும் தகுதி வேறு. "ஷரீஅத்" என்ற சொல் பட்டத்தில் இருப்பதாலேயே இரண்டு கதவும் திறந்துவிடாது. பிள்ளை எந்தக் கதவுக்குப் போக விரும்புகிறது, அந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கும் என்று சேருமுன் கேட்டறிய வேண்டும். மதரஸாவில் அரபு நன்றாகக் கற்ற பிள்ளைகளுக்கு இத்துறையில் ஒரு முன்னேற்றம் உண்டென்பதையும் மறக்க வேண்டாம்.

பெண்பிள்ளைகள்

"பெண்ணுக்குச் சட்டம் எதற்கு?" என்று இன்னும் கேட்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். கேரளத்துப் பத்தனம்திட்டாவில் ராவுத்தர் குடும்பமொன்றில் பிறந்த பாத்திமா பீவி அவர்கள் 1950-இல் பார் கவுன்சில் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டு கவர்னராக இருந்தார். 2023-இல் காலமானார். அவரைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தகப்பனாரே. நாகூரில் பிறந்த மு. மு. இஸ்மாயீல் அவர்கள் 1979-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். நம்மவர்களால் ஆகாத காரியமல்ல இது.

செய்ய வேண்டியவை

1. பிள்ளை நான்காம் பாரத்தில் இருக்கும்போதே புறப்பாட நடவடிக்கைகளின் சான்றுகளை ஒரு பைலில் சேர்த்து வையுங்கள்.

2. பரீட்சை முடிவு வந்த அன்றே மெரிட் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

3. ஒரு வருஷக் கணக்கை நம்பாமல், கிடைக்கும் மட்டும் மூன்று வருஷச் சராசரிகளை அருகருகே எழுதி வையுங்கள்.

4. மூவெட் பரீட்சையைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். வீட்டில் தினம் ஒரு பக்கம் ஆங்கிலப் பத்திரிகையைப் பிள்ளை உரக்க வாசிக்கட்டும்.

5. பணம் கட்டுமுன், பட்டத்துக்குப் பின் சி.எல்.பி. உண்டா இல்லையா என்பதைக் கேளுங்கள்.

6. விண்ணப்ப நாளையும் மேல்முறையீட்டு நாளையும் கடை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துக் கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தம், லைசென்ஸ், பங்குதாரர் தகராறு, வாரிசுச் சொத்து, வக்பு நிலம் என்று நமக்கு வரும் காரியம் ஒவ்வொன்றுக்கும் வழக்கறிஞர் அலுவலகத்தின் படியேறி நிற்கிறோம். அந்த நாற்காலியில் நம் பிள்ளைகளும் சிலர் உட்கார வேண்டும். இடம் இருக்கிறதா இல்லையா என்பதை வதந்தியைக் கேட்டுத் தீர்மானிக்காமல், கணக்கைப் பார்த்துத் தீர்மானிப்போமாக. இன்ஷா அல்லாஹ், வரும் விண்ணப்பக் காலத்தில் நம் வட்டாரத்துப் பிள்ளைகளில் தகுதியுள்ள ஒருவர்கூட விண்ணப்பம் போடாமல் நின்றார் என்ற சொல் வராதிருக்கட்டும்.